ஆநிரைக்குப் பின்னே நடப்பவன்

எம்பெருமானுடைய திருநாமங்கள் எண்ணற்றவை. அவற்றுட் பல அவனுடைய பரத்துவத்தைப் பேசுவன. சில அவன் திருமேனி அழகைப் பேசுவன. கோவிந்தன், கோபாலன் என்னும் இரண்டும் ஒரு தொழிலால் வந்த பெயர்கள். புரட்டாசி மாதத்தில் திருமலை ஏறுகிறவர்கள் மூச்சு வாங்கும்போதெல்லாம் "கோவிந்தா" என்று கூவுகிறார்கள். கூவுகிறவர்களுள் எத்தனை பேர் அது மாடு மேய்த்தவனுடைய பெயர் என்று நினைத்துக் கூவுகிறார்களோ தெரியாது. கோவர்த்தன மலையைக் குடையாகப் பிடித்த பின், தோற்ற இந்திரனும் காமதேனுவாகிய சுரபியும் வந்து திருமஞ்சனம் செய்து அவனுக்குச் சூட்டிய பட்டமே கோவிந்தன் என்பது என ஸ்ரீமத் பாகவதம் கூறுகிறது. தேவர் தலைவன் கொண்டுவந்த பட்டத்திலும் மாட்டுக் கொட்டிலின் மணம் நீங்கவில்லை.

இந்தத் தொழிலைப் பற்றிச் சிந்திக்கும்போது அறநெறி சார்ந்த வினா ஒன்று எழுகிறது. வாயில்லா உயிர் ஒன்றை, அது தானாகப் போக எண்ணாத இடத்திற்கு, நம் விருப்பப்படி நடத்திச் செல்ல நமக்கு என்ன உரிமை உண்டு? "என் மாடு, நான் ஓட்டுகிறேன்" என்பதுதான் உலகம் சொல்லும் விடை. உடைமை என்பது அவ்வளவுக்குப் போதுமான விடைதானா என்பதை ஆராய, நூல்களுக்குப் போகுமுன் ஒரு கிராமத்துத் தெருவுக்குப் போவது நல்லது.

விடிந்து பால் கறந்து முடிந்ததும் வீட்டுக்கு வீடு மாடுகளை அவிழ்த்து விடுவார்கள். அவை தாமாகவே தெருவில் இறங்கி, ஊர்ப் பொதுவெளியில் வந்து கூடும். அதுதான் மந்தை. சென்னைப் பட்டணத்தின் நடுவே இன்று மாடி வீடுகள் நெருங்கி நிற்கும் மந்தைவெளியும் இந்தச் சொல்லைத்தான் தன் பெயரில் வைத்திருக்கிறது. மந்தையிலிருந்து மேய்ச்சல் நிலத்திற்கும், மாலையில் அங்கிருந்து மீண்டும் ஊருக்கும் ஓட்டிவர ஓர் ஆள் இருப்பான். அவனுக்குச் சொந்தமாக ஒரு மாடு இருந்தாலும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஒவ்வொரு வீட்டாரும் அறுவடைக் காலத்தில் தானியமாக அளக்கும் கூலியே அவன் சீவனம். ஆகவே மாட்டை நாள்தோறும் நடத்துகிறவன் அதன் உடையவன் அல்லன். உடையவன் திண்ணையில் இருக்கிறான். உடைமையால் பிறந்த உரிமை என்ற விடை ஊர்த் தெருவிலேயே வலுவிழந்துவிடுகிறது.

அந்த ஆள் எங்கே நடக்கிறான் என்பதைக் கவனிக்க வேண்டும். யானையை ஓட்டுகிறவன் அதன் கழுத்தின்மேல் இருக்கிறான். குதிரையைச் செலுத்துகிறவன் முதுகில் இருக்கிறான். மந்தையை ஓட்டுகிறவனோ எல்லா மாடுகளுக்கும் பின்னால், அவை கிளப்பும் புழுதியைத் தின்றுகொண்டு நடக்கிறான். முன்னே போனால் நொண்டும் மாடு எது, சினைப்பட்டுத் தளர்ந்த மாடு எது, பின்தங்கிய கன்று எது என்பது அவன் கண்ணில் படாது. வழியை மந்தையின் மூத்த பசு அறியும். அதை அவன் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அவனால் ஆக வேண்டியது, எல்லாவற்றிலும் மெதுவாக நடக்கும் உயிரின் நடைக்கு மந்தை முழுவதையும் இணக்குவதே. விரைவாகப் போகத் துடிக்கும் காளையை அதட்டி நிறுத்துவதும் அதற்காகவே.

திருப்பாவையின் இருபத்தெட்டாம் பாசுரத்தில் ஆய்ச்சியர் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும்போது, பசுக்களுக்குப் பின்னே நடப்பவர்கள் என்றே அறிமுகம் செய்துகொள்கிறார்கள். எங்களிடம் கர்மமோ ஞானமோ வேறு எந்த உபாயமோ இல்லை என்று விண்ணப்பிக்கும் இடம் அது என்று நம் பூர்வாசாரியர்கள் வியாக்கியானம் செய்தருளினார்கள். அதன் சுவை பெரிது. அடியேனுக்கு அங்கே இன்னொன்றும் தோன்றுவதுண்டு. குருவின் பின்னே சென்று கற்றவர்கள் உலகில் பலர். பசுவின் பின்னே சென்றவர்களும் ஒன்றைக் கற்றிருக்கிறார்கள். தாம் முன்னே நிற்கவேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு எழுவதில்லை. சரணாகதிக்கு வேண்டிய பக்குவத்தில் அது சிறுபங்கு ஆகாதா? திருவரங்கத்தில் விடியற்காலை விசுவரூப சேவையின்போது, பசுவைப் பின்புறம் பெரிய பெருமாளுக்குத் தெரியும்படி நிறுத்துவது வழக்கம். பசுவின் பின்பாகத்தில் திருமகள் உறைகிறாள் என்பது அதற்குச் சொல்லும் காரணம். காரணம் எதுவாயினும், அரங்கன் கண்மலரும்போது பசுவை எந்தப் பக்கத்திலிருந்து காண்கிறானோ, அதே பக்கத்திலிருந்துதான் ஆயன் தன் வாழ்நாளெல்லாம் அதைக் காண்கிறான்.

இத்தொழில் விளையாட்டுப் போன்றது என்று எண்ணுவோர் உளர். குழலும் மயிற்பீலியும் சித்திரங்களில் மிகுதியாக வந்துவிட்டதால் நேர்ந்த மயக்கம் இது. கிருஷ்ணனுக்கே முதலில் கன்றுகளைத்தான் கொடுத்தார்கள். ஊரை ஒட்டிய இடங்களில் கன்று மேய்த்துத் தேர்ந்து, சற்று வயது வந்த பின்னரே பசுக்களைக் காட்டுக்கு ஓட்டிச்செல்லும் பொறுப்பு அவனுக்கு வந்தது. இன்றும் கிராமத்துச் சிறுவர்கள் தொடங்குவது கன்றுக்குட்டியில்தான். பெரியாழ்வார் யசோதைப் பிராட்டியின் நிலையில் நின்று வருந்தும் திருமொழி ஒன்று உண்டு. குடையும் செருப்பும் கொடுக்காமல், சுடும் பரல்களின்மேல் பிள்ளையை மாட்டின்பின் அனுப்பிவிட்டேனே என்று அவள் நெஞ்சம் பதைக்கிறாள். செருப்பு அணிய மாட்டேன், என் பசுக்கள் செருப்பு அணிந்தா நடக்கின்றன என்று அவன் கேட்டதாக உபந்நியாசகர்கள் சொல்வதுண்டு. கேட்கும் தாய்மார் கண் கலங்குவதும் உண்டு. நம்மாழ்வாரும் திருவாய்மொழியின் பத்தாம் பத்தில் ஆய்ச்சியின் நிலையில் நின்று, நீ மேய்க்கப் போகாதே என்று மன்றாடுகிறார். காட்டில் அசுரர் வருவார்களே என்ற அச்சமும் அங்கே சேர்ந்திருக்கிறது.

பாண்டிநாட்டுப் பக்கம் இதன் உழைப்பை நேரில் காணலாம். சிவகங்கை மாவட்டத்திலுள்ள புலிக்குளம் என்னும் ஊரின் பெயரால் வழங்கும் மாட்டினம் கிடைமாடு என்றே பெயர் பெற்றது. மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பகுதிகளில் இவற்றைப் பெருந்தொகையாகச் சேர்த்து, அறுவடை முடிந்த வயல்களைத் தேடி ஊர் ஊராக ஓட்டிச் செல்வார்கள். பகலில் மேய்ச்சல், இரவில் ஒருவர் வயலில் கிடை. அந்த இரவின் சாணமும் மூத்திரமும் அந்த நிலத்துக்கு எரு. மறுநாள் கிடையை அடுத்த துண்டுக்கு நகர்த்துவார்கள். நிலத்துக்காரர் அதற்குக் கூலி கொடுப்பார். ஆட்டெரு அவ்வருடமும் மாட்டெரு மறுவருடமும் பலிக்கும் என்பது உழவர் கணக்கு. இராமநாதபுரத்துக் கீதாரிகள் ஆட்டுக்கிடையுடன் தஞ்சைத் தரணிக்குப் போவதும் இந்தக் கணக்கை நம்பித்தான். கிடைமாடுகளில் பெரும்பாலும் பால் கறப்பதில்லை. தாயின் பால் கன்றுக்கே. வழியில் ஒரு பசு ஈன்றுவிட்டால் அந்தக் கன்றைத் தோளில் சுமந்து நடப்பார்கள். ஓர் ஊரின் மாடு இன்னோர் ஊரின் மண்ணுக்குச் சோறிடும் இந்த ஏற்பாட்டை யார் வகுத்தார்களோ! கட்டிப்போட்ட மாட்டினால் இது ஆகாது. மாடு நடந்தால்தான் இது நடக்கும்.

நடக்கும் வழிதான் இப்போது சுருங்கிவருகிறது. மேய்க்கால் புறம்போக்கு என்று பழைய கணக்குகளில் எழுதப்பட்ட நிலங்கள் பல ஊர்களில் கட்டடங்களாகிவிட்டன. மேய்ச்சல் உரிமையை, நாடோடியாகச் செல்லும் மேய்ப்பர்களுக்கும் சேர்த்து, 2006ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டம் ஏற்கிறது. 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழகக் காடுகளில் மேய்ச்சலுக்குத் தடை விதித்து, பின்னர் அத்தடையைத் தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் என்ற அளவில் நிறுத்தியது. காட்டு விலங்கின் நலனும் நாட்டு மாட்டின் வயிறும் எதிரெதிரே நிற்கும் வழக்கு இது. ஒரு பக்கம் மட்டும் நியாயம் இருப்பதாகச் சொல்வது எளிதன்று.

ஆநிரையை ஓட்டுவது அறமா என்ற வினாவை நம் முன்னோர் அதன் கடுமையான வடிவத்திலேயே சந்தித்திருக்கிறார்கள். பகைவர் நாட்டு ஆநிரையைக் கவர்ந்து ஓட்டிவருவது போரின் தொடக்கம்; அதற்கு வெட்சி என்று பெயர். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட நடுகற்களுள் ஒன்று, தமிழ்ப் பிராமி எழுத்தில் ஆகோள் என்ற சொல்லையே தாங்கி நிற்கிறது. செங்கம் பகுதி நடுகற்களிலும் மாடு மீட்டுப் பட்டவர்கள் பலர். கவர்வது போர்முறை என்று ஒப்புக்கொண்ட தொல்காப்பியர் அதோடு விட்டுவிடவில்லை. கவர்ந்த நிரையைக் கொண்டுவந்து பேணுவதையும் வெட்சியின் இலக்கணத்திலேயே வைத்தார். வழியில் அதற்கு நோவு நேராமல் செலுத்தி வருவதைத் தனித் துறையாகவே எண்ணினார். பகைவனுடைய மாடு, பின்னால் துரத்தி வரும் படை, உயிருக்கு அஞ்சி ஓடவேண்டிய வேளை. அப்போதும் மாட்டை நோகடிக்காதே என்கிறது இலக்கணம். மாட்டின் சொந்தக்காரனோடுதான் பகை. மாட்டோடு பகை ஏது?

நான்முகன் கன்றுகளைக் கவர்ந்து மறைத்த கதையும் இங்கே நினைக்கத் தக்கது. கன்றுகளோடு ஆயச் சிறுவரும் மறைக்கப்பட்டனர். மாலையில் வெறுங்கையோடு திரும்பினால் ஒவ்வொரு கொட்டிலிலும் ஒரு தாய்ப்பசு கன்றைத் தேடும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு தாய் நிற்பாள். எம்பெருமான் தானே அத்தனை கன்றுகளாகவும் அத்தனை சிறுவராகவும் ஆகி ஓராண்டு வாழ்ந்தான். பிரமனின் செருக்கை அடக்கிய லீலை என்று நாம் கொண்டாடுகிறோம். மந்தை ஓட்டும் ஒருவரிடம் இக்கதையைச் சொன்னால், அவர் முதலில் காண்பது கணக்கு ஒப்புவித்த ஆயனை. காலையில் எத்தனை உயிர் கூட்டிப் போனோமோ அத்தனை உயிர் மாலையில் வந்தாக வேண்டும். குறைந்தால் தன்னையே கொடுத்து நிரப்ப வேண்டும்.

இவ்வளவு பொறுப்பு ஏன் என்றால், மாடு நம் குரலுக்கு வருகிறது. பிறந்த நாள் முதல் தவிடும் தண்ணீரும் வைத்த குரல் அது. அந்தக் குரல் கேட்டால் மேய்ச்சலை விட்டுத் தலை தூக்கும். கூப்பிட்ட திசையில் நடக்கும். குழலோசைக்குப் பசுக்கள் மேயாமல் நின்ற அழகைப் பெரியாழ்வார் பாடியிருப்பது கவிதை மட்டும் அன்று. ஆனால் நம்பி வருகிற உயிரை அந்தக் குரலாலேயே எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய்விடலாம். தார்க்கோலால் அடித்து ஓட்டப்படும் மாடாவது ஓட்டுகிறவனை அறிந்திருக்கிறது. குரலை நம்பி வரும் மாட்டுக்கு அந்த அறிவும் இல்லை. ஆகவே உரிமையின் எல்லையை உடைமையில் தேடுவதைவிட, அந்த நம்பிக்கையில் தேடுவதே சரி என்பது அடியேன் கருத்து.

சந்தைக்கு ஓட்டிச்செல்லும் நாளில் இது சோதனைக்கு வருகிறது. பொள்ளாச்சி போன்ற பெரிய சந்தைகளுக்குக் கால்நடையாகவும் வண்டியிலும் மாடுகள் வருகின்றன. துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிறார்கள். விற்ற மாட்டைக் கொடுத்தாலும் கயிற்றைக் கொடுக்காமல் கொண்டுவந்துவிடுவது பல ஊர்களில் வழக்கம். கயிறு போனால் வீட்டு இலட்சுமியும் போவாள் என்பார்கள். 2001ஆம் ஆண்டு மத்திய அரசு, விலங்குகளை 5 கிலோமீட்டருக்குக் குறையாத தொலைவு நடத்திச் செல்வதற்கென்று தனி விதிகள் செய்தது. நொண்டும் மாட்டையும் ஈன்று 72 மணி நேரம் ஆகாத மாட்டையும் நடத்தக் கூடாது. விரைவுபடுத்தச் சாட்டையோ கோலோ எடுக்கக் கூடாது. மிளகாய் போன்ற எதையும் உடம்பில் தடவக் கூடாது என்கின்றன அவ்விதிகள். ஒரு சரக்கு லாரியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது 1978ஆம் ஆண்டு விதி. வெட்சித் துறையில் ஒருமுறை சொன்னதைச் சட்டமும் சொல்ல வேண்டி வந்திருக்கிறது. மிளகாயைப் பெயர் சொல்லி விலக்க நேர்ந்தது என்றால் அந்த வழக்கம் எங்கோ இருந்தது என்றுதானே பொருள்?

கறவை வற்றிய பசுவை விற்கும் ஏழை உழவனைப் பாவி என்று திருவிழாப் பந்தலில் நிழலில் அமர்ந்துகொண்டு சொல்வது நமக்கு அழகன்று. வைக்கோல் விலையும் வீட்டின் பசியும் அவனுக்குத்தான் தெரியும். ஆயினும் ஒன்றைக் கேட்கலாம். பதினைந்து ஆண்டுகள் குரலுக்கு வந்த பசுவைத் தரகரிடம் கொல்லையிலேயே ஒப்படைத்துவிட்டு, பார்க்க மனம் இல்லை என்று உள்ளே போய்விடுகிறவர்கள் உண்டு. அந்த மென்மை பசுவுக்கு எந்த விதத்தில் உதவுகிறது? கடைசிவரை அதன் பின்னே தானே நடந்து, அதை எவர் கையில் கொடுக்கிறோம், எங்கே போகிறது என்று கேட்டு, கேட்ட விடை பிடிக்காவிட்டால் விலையை விட்டுவிட்டுத் திரும்ப ஓட்டி வந்தவர்களும் கிராமங்களில் இருக்கிறார்கள். அவர்கள் எவரும் இதை ஒரு தருமமாகப் பேசுவதில்லை. வண்டியில் சாய்த்து வைத்த பலகையின்மேல் பசு ஏற மறுத்து நிற்கும்போது, தரகர் உரிமையாளரைப் பார்த்து, "நீங்க ஒரு குரல் கொடுங்க, ஏறிடும்" என்பார். கொடுப்பதா, வேண்டாமா என்பதை அந்த ஒரு மூச்சு நேரத்தில் அவர்தாம் தீர்மானிக்க வேண்டும்.