வேண்டிய ஆகாரம்

பரமண்டல ஜெபத்தில், உணவு கேட்கும் இடத்தில், 'எபியூஸியோஸ்' என்றொரு கிரேக்கச் சொல் வருகிறது. மத்தேயு 6:11, லூக்கா 11:3 – இரண்டே இடம். அந்த ஜெபத்துக்கு வெளியே பழைய கிரேக்கத்தில் அது சந்தேகத்துக்கிடமின்றிக் கிடைக்கவில்லை. அறிஞர் எழுத்திலும் ஜனங்கள் பேச்சிலும் இல்லாத இதைச் சுவிசேஷக்காரர்களே உண்டாக்கியிருக்க வேண்டும் என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிஜன் நினைத்தார். எகிப்தியச் செலவுக் கணக்கு ஒன்றில் இச்சொல்லின் துண்டு இருப்பதாக, ஸேஸ் 1889ல் வெளியிட்ட பிரதியை வைத்து நெடுநாள் நம்பப்பட்டது. காணாமல்போன அந்தப் பாப்பிரஸ் 1998ல் யேல் பல்கலைக்கழகத்தில் அகப்பட்டது. மறுபடி படித்தபோது அது 'எண்ணெய்' என்றிருந்தது. பழைய பேரேடுகளைப் புரட்டியவனுக்கு இதில் ஆச்சரியமில்லை.

ஆக, சொல்லை உடைத்துத்தான் அர்த்தம் தேட வேண்டியிருக்கிறது. ஒரு விதமாக உடைத்தால் 'இருப்புக்குத் தேவையான'. இன்னொரு விதமாக உடைத்தால் 'வரப்போகும் நாளுக்கான'. ஜெரோம் லத்தீனில் மத்தேயுவுக்குச் 'சாரத்துக்கு மேலான' என்றும் லூக்காவுக்கு 'அன்றாட' என்றும் போட்டார். எபிரெயர் சுவிசேஷத்தில் அங்கே 'நாளை' என்றிருந்ததாகவும் குறித்தார். 1715ல் தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு அச்சேறியதிலிருந்து தமிழுக்கும் இது பிரச்னைதான். கத்தோலிக்க ஜெபத்தில் 'அனுதினம்'; புராட்டஸ்டண்டுகளிடம் 'வேண்டிய'.

'வேண்டிய' நல்ல சொல். தேவையானதும் அதுதான், விரும்பியதும் அதுதான், இரந்து கேட்டதும் அதுதான். ஆனால் அதில் நாளை இல்லை. வனாந்தரத்தில் மறுநாளைக்கென்று வைத்த மன்னா புழுத்துப்போயிற்று என்கிறது யாத்திராகமம். அப்படியானால் நாளைக்கும் சேர்த்துக் கேட்பது பேராசையா?

நான் கிறிஸ்தவனல்ல; மாதச் சம்பளக்காரன். சாத்தூரில் ஐப்பசி மழையில் தீக்குச்சி காயாது, வேலை நின்றுபோகும். அப்படியொரு நாளில் கம்மலை அடகு வைக்க வந்த தீப்பெட்டி ஆபீஸ் பெண்ணிடம், எடைக்கு இன்னும் கூடுதலாகவே வாங்கலாம் என்றேன்.

"வேண்டாம் சார். மழை விடுற வரைக்கும் இருந்தாப் போதும்."

அவள் கேட்டது இன்றைக்கு மட்டுமல்ல, சேர்த்து வைக்கவுமல்ல. கூலிக்காரருக்கு நாளை என்பது இன்றின் பகுதி. நாளைக்கு இல்லையென்றால் இன்றைய சோறும் தொண்டையில் இறங்காது. நாளையைத் தனியே பிரித்து அதற்குப் பேராசை என்று பெயரிட, நாளை உத்தரவாதமானவனால்தான் முடியும். மன்னாவிலும் ஒரு விலக்கு உண்டு: ஓய்வுநாளுக்கு முந்தின தினம் இரண்டு பங்கு. வேலையில்லாத நாளுக்கென்று வைத்தது புழுக்கவில்லை.

இப்படி எழுதுகையில் ஒரு சங்கடம். அவளுடைய இல்லாமையை நான் ஒரு சொல்லுக்கு உரையாக்கிக்கொண்டிருக்கிறேன். அவள் 'போதும்' என்றது திருப்தியால் அல்ல, வட்டியை நினைத்து. உணவுக்கு அடுத்தபடி அந்த ஜெபம் கேட்பது மன்னிப்பு. லூக்கா பாவங்கள் என்று சொல்லுமிடத்தில் மத்தேயு கடன்கள் என்றே சொல்கிறது. ஆகாரமும் கடனும் அடுத்தடுத்து நிற்பது தற்செயல் இல்லை என்று எனக்குப் படுகிறது. 'எனக்கு' என்று அங்கே யாரும் கேட்பதில்லை, 'எங்களுக்கு' என்றுதான். கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனும் அதில் சேர்த்தியா என்பதை எந்த அகராதியும் சொல்லாது.

அன்று அவள் கேட்ட தொகையை மட்டும் எழுதினேன். வட்டி, வழக்கமான வட்டிதான்.