வன்னியின் பாலர் பள்ளிகள்

இலங்கையில் 1977 ஆகஸ்டில் நடந்த இனக்கலவரத்தில் தேயிலைத் தோட்டங்களை விட்டு ஓடிவந்த மலையகத் தமிழர் பலர் வன்னியின் வவுனியா, முல்லைத்தீவுக் காட்டோரங்களில் குடியேறினர். மருத்துவர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் நடத்திய காந்தீயம் இயக்கம் அவர்களுக்குக் குடியிருப்போடு பாலர் பள்ளிகளையும் அமைத்தது. இளம்பெண்கள் பயிற்சி பெற்று ஆசிரியைகளாயினர். பிள்ளைகளுக்கு எழுத்தோடு பாலும் கிடைத்தது. தோட்டத்திலிருந்து வந்தவரை இகழும் ‘தோட்டக்காட்டான்’ என்ற ஏளனம் காதில் விழுமுன்பே பள்ளி தன்னுடையது என்று பிள்ளை உணர்வது சிறிய காரியமன்று. 1983 ஏப்ரலில் இராஜசுந்தரமும் டேவிட்டும் கைதாயினர். ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். ஒட்டுசுட்டான் உள்ளிட்ட வன்னி ஊர்களில் அன்று குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று படிக்கின்றனர்.