தன் சுத்தமும் பிறர் சுத்தமும்

எந்த ஊருக்குப் போனாலும் கக்கூசில் முதலில் தண்ணீரைத் தேடுகிறவர்கள் நாம். அது நம் மார்க்கம் தந்த நல்ல வழக்கம். ஆனால் அந்தத் தண்ணீரே அடுத்தவருக்குத் தொல்லையாகுமானால் என்ன செய்வது?

அமெரிக்காவில் அப்பலாச்சியன் மலைப்பாதை என ஒன்றுண்டு. சுமார் 3,500 கிலோமீட்டர் காட்டு வழி. குழாயும் சாக்கடையும் எட்டாத அதன் தங்குமிடங்கள் பலவற்றில் மலத்தை எருவாக்கும் கக்கூஸ்கள் இருக்கின்றன. போனவர் ஒரு பிடி மரத்தூளோ சருகோ போட்டுவிட்டு வரவேண்டும். காற்றும் ஈரமும் அளவோடு இருந்தால் நுண்கிருமிகள் குவியலைச் சிறுகச் சிறுக மண்ணாக்கிவிடும். தண்ணீர் மிகுந்தாலோ, காற்றுப் புக வழியின்றி அழுகி நாறும். அதைக் கிளறிச் சீராக்குபவர்கள் சம்பளமின்றி அப்பாதையைப் பேணும் தொண்டர்கள்.

அங்கே ஒரு முஸ்லிம் போகிறார். ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிக் கழுவிவிட்டுத் தொழப் போகிறார். அவருடைய தொழுகை கூடும். பின்னால் வருகிறவர் மூக்கைப் பிடிக்கிறார். தொண்டர் மண்வெட்டியோடு நிற்கிறார். இவருடைய அழுக்கு நீங்கியதா, அல்லது இன்னொருவர் தலைக்கு மாறியதா?

சிங்கப்பூரில் 1987 வரை வாளிக் கக்கூஸ் இருந்தது. நாம் சுத்தமாயிருக்க, வாளி சுமந்தவர் ஒருவர் இருந்தார். அவரை நம்மில் எத்தனை பேர் நிமிர்ந்து பார்த்திருப்போம்!

பாதை, நிழல், நீர்த்துறை ஆகிய இடங்களில் மலஜலம் கழிப்பதைச் சாபத்துக்குரிய செயலென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அம்மூன்றும் பிறர் வந்து இளைப்பாறும், புழங்கும் இடங்கள். மலைவழித் தங்குமிடமும் அத்தகையதே.

"காகிதம் வெள்ளைக்காரன் பழக்கமாயிற்றே" என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். காகிதத்துக்கு முன்பே கல் இருந்தது. ஸஹாபாக்கள் கல்லால் துப்புரவு செய்தார்கள். ஷாபியீ, ஹனபி ஆகிய இரு மத்ஹபுகளிலும் அது கூடும். ஷாபியீயில் மூன்று முறைக்குக் குறையாமல் துடைக்கவேண்டும். ஹனபியில் எண்ணிக்கை நிபந்தனையன்று. எழுத்தில்லாத காகிதம் கல்லின் ஸ்தானத்தில் நிற்கும். தண்ணீர் மேலானது என்பதில் ஐயமில்லை. மேலானதைத் தேடிப் பிறருக்கு இடர் செய்வதா, கூடுமானதைக் கொண்டு அமைவதா என்பதே கேள்வி. இரண்டாவதே சரியென்பது என் எண்ணம். மனம் ஒப்பாதவர் துடைத்தபின், பாதையையும் ஓடையையும் விட்டு வெகுதூரம் ஒதுங்கி, மண்ணில் சிறிது நீரால் கழுவிக்கொள்ளலாம்.

வியாபாரிகளாகிய நம்மவர் இன்னொன்றும் கேட்பார்கள்: அந்த எருவை விற்கலாமா? நஜீஸை விற்பது செல்லாதென்பது ஷாபியீ சட்டம். மண்ணோடு கலந்ததை விற்கலாமென்பது ஹனபி சட்டம். மற்றதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்க.

திருச்சி ஜில்லா முசிறியில் கட்டிய எருக் கக்கூஸ்களில் கழுவும் நீர் தனித் துவாரத்தில் போகும்படி அமைத்தார்கள். தண்ணீர் புழங்கும் ஜனங்களை அறிந்தவர்கள் செய்த வேலை! பூங்காக்களில் இவ்வகைக் கக்கூஸ் வைக்க நினைப்போர் அதைப் பார்த்துச் செய்தால் இந்தச் சங்கடமே எழாது. அதுவரை, மரத்தூள் ஒரு பிடி, தண்ணீர் வெளியே.