கூட்டத்தினர் யார்?

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' 1980களில் ஆனந்த விகடனில் தொடர்கதையாக வெளிவந்தபோது, பள்ளி கல்லூரி மாணாக்கர் வாரந்தோறும் காத்திருந்து படித்தனர். பக்கங்களைப் பிரித்தெடுத்துச் சேர்த்துத் தைத்து வைத்துக்கொண்டோரும் உண்டு. கதை நிகழ்வதாக அவர் குறித்த 2021, 2022ஆம் ஆண்டுகள் வந்து கடந்தும் விட்டன. இன்று அந்நூலைப் போற்றுவோர் பெரும்பாலும் இரண்டு புகழுரைகளையே சொல்லக் கேட்கிறோம். ஆசிரியர் வருங்காலத்தை முன்னரே கண்டுவிட்டார் என்பது ஒன்று. சர்வாதிகாரத்தைத் துணிந்து சாடினார் என்பது மற்றொன்று. இப்புகழுரைகளோடு நூலை மறுபடி படிக்கப் புகுந்த நாம் ஏமாற்றத்தோடுதான் அதை மூடினோம்.

முதற் புகழுரையைப் பற்றி நீள உரைக்க ஒன்றுமில்லை. கதையில் குடிமக்களுக்கு எண் இடப்படுவதையும், 2010 முதல் நம் நாட்டில் ஆதார் எண் வழங்கப்பட்டு வருவதையும் பொருத்திக் காட்டி வியப்பது எளிது. வருவது உரைத்தல் பஞ்சாங்கக்காரர் தொழில். கதாசிரியரை நிறுக்கும் தராசு வேறு.

இரண்டாவதுதான் ஆராயத்தக்கது. ஜீவா என்னும் தலைவர் நாட்டை ஆள்கிறார். எல்லார்க்கும் இரண்டெழுத்துப் பெயர்தான். பிள்ளை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். நிலா என்னும் இளம்பெண்ணுக்கு அந்த அனுமதி கிடைத்த வேளையில் கணவன் சிபி காணாமற் போகிறான். அவனைத் தேடப் புறப்பட்டவள் ரவி, மனோ என்னும் இருவரின் சதியில் சிக்குகிறாள். முடிவில், ஜீவா என்றொரு மனிதரே இல்லை, அவர் ஒளியால் ஆன வெறும் பிம்பம் என்பது வெளிப்படுகிறது. ஒரு நாடே பிம்பத்துக்குப் பணிந்து கிடந்திருக்கிறது! இத்தகைய கூரிய அரசியற் கற்பனை தொடர்கதைகளில் அரிது. இதை மறுப்பது அநியாயம்.

அப்படியாயின் அடுத்து எழவேண்டிய கேள்வி, அம்மக்கள் ஏன் பணிந்தார்கள் என்பதல்லவா? அதைக் கேட்க ஆசிரியருக்கு அவகாசமில்லை. ஜீனோ என்னும் இயந்திர நாய் வந்துவிடுகிறது. அதன் குறும்பும் புத்தகப் பித்தும் எவரையும் மயக்கும், நம்மையும் மயக்கின. ஆனால் நெருக்கடி நேரும்போதெல்லாம் அதன் மூளையே வழி திறந்துவிடுகிறது. கொடுமை மேலேயுள்ள சிலரின் சூழ்ச்சி; மீட்பு ஒரு சாமர்த்தியமான பொறியின் வேலை; இடையிலுள்ள மக்கள் வெறும் கைதட்டும் கூட்டம். இளம் வாசகர் இதிலிருந்து பெறுவது யாது? தாம் எந்நாளும் ஜீனோவின் பக்கமே நிற்பதாக ஓர் இனிய நினைப்பு!

நிகழ்ந்த வரலாறு அவ்வாறு இல்லை. 1975 ஜூன் 25 முதல் 1977 மார்ச் 21 வரை நீடித்த நெருக்கடி நிலையை இந்நூலின் முதல் வாசகர்கள் பலர் கண்டிருந்தனர். அக்காலத்தில் வட மாநிலங்களில் கருத்தடைக்கு ஆள் சேர்த்துத் தருமாறு பள்ளி ஆசிரியர்களுக்குக்கூட இலக்கு விதித்தார்கள். சேர்க்காதவரின் சம்பளம் நின்றது. அந்த ஆசிரியர்கள் அரக்கர்கள் அல்லர். அடுப்பெரிய வேண்டுமே என்று அஞ்சிய குடும்பஸ்தர்கள். பிள்ளைப்பேற்றுக்கு அனுமதிச் சீட்டு வழங்கும் அரசைக் கற்பித்த நாவலில், அச்சீட்டில் முத்திரை குத்தும் எழுத்தரின் மனத்துள் ஒருமுறையேனும் நுழைந்து பார்த்திருக்கலாம்.

வாரத் தொடருக்கு இவ்வளவு பாரம் ஏற்றலாமா என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். விந்தைக் கதை இப்பாரத்தைத் தாங்கவல்லது என்பதற்குக் கீழக்கரையினராகிய நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. நம்மூரில் அடங்கியிருக்கும் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) 1858இல் அறபுத் தமிழில் இயற்றிய நூலின் பெயர் 'மதீனத்துந் நுஹாஸ்', அதாவது தாமிரப்பட்டணம். அப்பட்டணத்தின் கதை ஆயிரத்தோர் இரவுகளிலும் உண்டு. அங்கும் பொறிகளுக்குக் குறைவில்லை. கையைத் தேய்த்தால் சுழன்று வழிகாட்டும் உலோகக் குதிரைவீரன் இருக்கிறான். பட்டணத்துள்ளே இறந்த அரசியின் உடல் மணிகள் பூண்டு கிடக்கிறது. எதை வேண்டுமாயினும் எடுத்துச் செல்க, என் உடலில் உள்ளதைத் தொடாதே என்று அருகில் பலகை எச்சரிக்கிறது. வழித்துணையாய் வந்த தாலிப் என்பவன் அதை அறிந்தும், செத்தவளுக்கு நகை எதற்கு, பருத்தித் துணி ஒன்று போதாதா என்று நியாயம் பேசியபடியே கை நீட்டுகிறான். காவல் நிற்கும் பதுமையின் வாள் அவன் தலையை வீழ்த்துகிறது. பதுமை நம்மைத் திகைக்கவைக்கிறது. ஆனால் நெஞ்சில் தைப்பது தாலிபின் நியாயமே. அதே நியாயத்தை நாமும் பேசியிருப்போம் என்பதை உணர்கிறோம்.

சுஜாதா இதை அறியாதவர் அல்லர். பின்னர் எழுதிய 'மீண்டும் ஜீனோ'வில் நிலா ராணியாக அமர்த்தப்பட்டு, ரவியும் மனோவும் ஆட்டுவிக்கும் பதுமையாக இருக்கிறாள். ஜீவாவை வாழ்த்திய மக்களே அவளையும் வாழ்த்துகின்றனர். கதையின் மையம் இதுவாகவே இருந்திருக்கலாம். அங்கும் ஓட்டமும் துரத்தலும் குறுக்கிட்டுவிடுகின்றன. நூலை மூடியபின் ஜீனோவின் பேச்சு நம் காதில் நிற்கிறது; வாழ்த்தி முழங்கிய அக்கூட்டத்தில் ஒருவரின் இரண்டெழுத்துப் பெயர்கூட நினைவில் நிற்கவில்லை.