தனியாக நிற்பவருக்குத் துணை நிற்போம்

எல்லாப் புகழும் அகிலங்களின் இறைவனாகிய அல்லாஹ் ஒருவனுக்கே! அவனுடைய ஸலாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



நம் திண்டுக்கல்லைச் சுற்றிலும் நூற்பாலைகளும் ஆடைக் கம்பெனிகளும் இருக்கின்றன. விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் கிராமம் கிராமமாகப் போய்ப் பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருகிறது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்கிறார்கள். இன்று இந்த ஜும்ஆவில் அமர்ந்திருப்பவர்களில் முதலாளியும் இருக்கலாம், சூப்பர்வைசரும் இருக்கலாம், மில்லுக்குப் போகும் பெண்ணின் அத்தாவும் இருக்கலாம். வேலை செய்யும் இடத்தில் ஒருவர் அவமானப்படுத்தப்படும்போது, கேட்க நாதியில்லாமல் நிற்கும்போது, நம்முடைய மார்க்கம் நம்மிடம் என்ன எதிர்பார்க்கிறது?

ஆதரவற்ற ஒரு வியாபாரி

நபி (ஸல்) அவர்களுக்கு ஏறத்தாழ இருபது வயது. நபித்துவம் கிடைப்பதற்கு முன்பு நடந்த சம்பவம் இது. யமன் நாட்டு ஸுபைத் பகுதியிலிருந்து ஒரு வியாபாரி மக்காவுக்கு வந்தார். ஆஸ் இப்னு வாயில் என்ற பெரிய மனிதர் அவரிடம் சரக்கை வாங்கிக்கொண்டு பணத்தைத் தரவில்லை. வியாபாரி பலரிடம் முறையிட்டார். யாரும் வரவில்லை. அவர் வெளியூர்க்காரர், மக்காவில் அவருக்குக் குலமும் இல்லை, கோத்திரமும் இல்லை. கடைசியில் அபூ குபைஸ் மலைமீது ஏறி நின்று தனக்கு நேர்ந்த அநீதியை ஊரறியச் சொன்னார்.

அதைக் கேட்டுச் சில குலத்தார் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் வீட்டில் கூடினார்கள். மக்காவில் அநீதிக்கு ஆளானவர் உள்ளூர்க்காரரோ வெளியூர்க்காரரோ, அவருடைய உரிமை திரும்பக் கிடைக்கும்வரை நாம் ஒரே கையாக நிற்போம் என்று சத்தியம் செய்தார்கள். நேராக ஆஸின் வீட்டுக்குப் போய்ப் பொருளை மீட்டுக் கொடுத்தார்கள். இதுதான் ஹில்ஃபுல் ஃபுளூல். நபியவர்கள் அதில் கலந்துகொண்டார்கள். பிற்காலத்தில் அதை நினைவுகூர்ந்து, இஸ்லாம் வந்த பின்பும் அப்படியோர் ஒப்பந்தத்துக்கு அழைக்கப்பட்டால் போவேன் என்றார்கள்.

கவனியுங்கள், சகோதரர்களே! அந்த வியாபாரி முதலில் தனியாகக் கேட்டார், கிடைக்கவில்லை. பலர் உடன் போனார்கள்; கிடைத்தது. நியாயம் இரண்டு முறையும் அதே நியாயம்தான். கூட நின்றவர்கள்தான் வித்தியாசம்.

நம் மாவட்டத்தில் நடந்தது

2021 ஜனவரியில், நம் மாவட்டத்து ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த இளம் தலித் பெண் கொலை செய்யப்பட்டார். அங்கே மேற்பார்வையாளராக இருந்தவர் மீது குற்றம் சாட்டப்பட்டது. அதற்கு முன்பே அந்தப் பெண் தொல்லைக்கு ஆளாகியிருந்ததாக அவருடைய குடும்பத்தாரும் உடன் வேலை செய்தவர்களும் சொன்னார்கள். தெரிந்தவர்கள் இருந்தும் அந்தப் பிள்ளை பாதுகாக்கப்படவில்லை.

அதன் பிறகு தொழிலாளிப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. பெண்கள் தலைமையில் இயங்கும் டி.டி.சி.யு. தொழிற்சங்கம் போராடியது. 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடு உடன்பாடு கையெழுத்தானது. ஆடை வாங்கும் எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். போன்ற வெளிநாட்டு நிறுவனங்களும் பொறுப்பேற்றன. உலகம் அதைத் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ என்றே அழைக்கிறது.

அதில் முக்கியமான ஏற்பாடு ஒன்று உண்டு. 25 தொழிலாளர்களுக்கு ஒருவர் வீதம், அவர்களுக்குள்ளேயே கண்காணிப்பாளர்கள். ஏன்? புகாரை சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும் என்றால், தொல்லை தருபவரே சூப்பர்வைசராக இருக்கும்போது எங்கே போவது? ஆனால் பக்கத்து மெஷினில் இருக்கும் பெண்ணுக்கு முகம் வாடியதுமே தெரிந்துவிடும். பெண் என்பதாலோ, சாதியாலோ, வெளியூரிலிருந்து வந்தவர் என்பதாலோ யாரையும் ஒதுக்கக்கூடாது. புகார் சொன்னவரைப் பழிவாங்கக்கூடாது என்பதும் அதில் உண்டு.

இது முஸ்லிம்கள் செய்த ஒப்பந்தம் அல்லவே என்று சிலர் நினைக்கலாம். ஹில்ஃபுல் ஃபுளூலும் அப்படித்தான். அதைச் செய்தவர்களின் கொள்கை வேறு. ஆனாலும் அநீதிக்கு ஆளானவருக்கு உதவுவது என்ற நோக்கத்தை நபியவர்கள் மதித்தார்கள்.

மத்யனின் கிணற்றடியில்

மூஸா (அலை) அவர்கள் ஊரைவிட்டு ஓடி, பசியோடு மத்யனுக்கு வந்து சேர்ந்த வரலாற்றை ஸூரத்துல் கஸஸ் சொல்கிறது. தண்ணீர்த்துறையில் ஆண்கள் முண்டியடிக்கிறார்கள். இரண்டு பெண்கள் ஆடுகளைத் தடுத்துக்கொண்டு ஓரமாக நிற்கிறார்கள். அதுதான் அவர்களுடைய வேலைத்தலம். அங்கே அவர்களுக்கு இடமில்லை. மூஸா (அலை) முதலில் செய்தது, உங்கள் நிலை என்ன என்று கேட்டதுதான். அவர்கள் சொன்னதைக் கேட்டார். தண்ணீர் புகட்டிக் கொடுத்தார். கூலி கேட்காமல் நிழலுக்கு ஒதுங்கிவிட்டார். நீங்கள் ஏன் வேலைக்கு வந்தீர்கள் என்று அவர் குற்றம் சொல்லவில்லை.

நம் வீடுகளில் பெண்பிள்ளைகள் ஏன் வாய் திறப்பதில்லை? சொன்னால் வேலையை நிறுத்திவிடுவார்கள், பழியும் நம்மீதே வரும் என்ற பயம். தொல்லை கொடுத்தவன் வேலையில் இருக்க, தொல்லைப்பட்டவள் வீட்டில் முடங்குவது எந்த வகை நீதி?

நாம் செய்ய வேண்டியவை

முதலாளிகளே! பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது 2013 முதல் நாட்டின் சட்டம். பெயருக்கு ஒரு பலகை போதாது. தொழிலாளர்கள் ஒன்றுகூடிப் பேசினால் அதைப் பகையாகப் பார்க்காதீர்கள். உங்களுக்குத் தெரியாமல் நடக்கும் அநீதிக்கும் மறுமையில் உங்களிடம் கேள்வி உண்டு.

மேற்பார்வை செய்பவர்களே! ஒருவருடைய தாயைச் சொல்லி இழிவாகப் பேசிய அபூதர் (ரலி) அவர்களை நபியவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். உம்மிடம் இன்னும் அறியாமைக் காலத்தின் குணம் இருக்கிறது என்றார்கள். உங்கள் கைக்குக் கீழே இருப்பவர்கள் உங்கள் சகோதரர்கள் என்று கற்றுக்கொடுத்தார்கள். அப்படியிருக்க, ‘ஏய் வடக்கா’ என்று கூப்பிடுவதும், சாதியைச் சொல்லித் திட்டுவதும் எந்தக் காலத்தின் குணம்?

உடன் வேலை செய்பவர்களே! புதிதாக வந்தவரையும், பாஷை தெரியாதவரையும் சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்காரவிடாதீர்கள். ஒருவர் புகார் சொல்லப் போனால் கூடப் போங்கள். பார்த்ததைச் சாட்சி சொல்லுங்கள்.

பெற்றோர்களே! பிள்ளை சொன்னால் முதலில் நம்புங்கள். பெண்களுக்கான உதவி எண் 181 வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

அநீதிக்கு ஆளானவரின் துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரை இல்லை. அந்த துஆ நமக்கு எதிராகக் கேட்கப்படாமல் அல்லாஹ் நம்மைக் காப்பானாக! தனியாக நிற்பவருக்குத் துணை நிற்கும் உள்ளத்தை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! உழைத்து வீடு திரும்பும் ஒவ்வொரு பிள்ளையையும் பத்திரமாக வீடு சேர்ப்பானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.