கையறிவும் கணக்கறிவும்

இனிய ஓர் ஒலியை உண்மையில் அறிந்தவர் யார்? அதை உண்டாக்கத் தெரிந்தவரா, அதன் காரணத்தைக் கணக்கிட்டுச் சொல்லத் தெரிந்தவரா? பகலில் பௌதிகமும் மாலையில் மிருதங்கமும் பயிலும் பிள்ளைகளை வளர்க்கும் நம்மால் இவ்வினாவைப் புறக்கணித்தல் இயலாது.

மீட்டிய தந்தியில் அடிப்படைச் சுருதியோடு அதன் இரண்டு, மூன்று, நான்கு மடங்கு அதிர்வெண் கொண்ட மேற்சுரங்களும் எழுகின்றன. ஆதலின் அவை ஒன்றோடொன்று இசைகின்றன. இழுத்துக் கட்டிய வெறுந்தோலில் அந்த ஒழுங்கு இல்லை. அதன் மேற்சுரங்கள் 1.59, 2.14, 2.30 மடங்கு எனச் சிதறுகின்றன. ஓசை பிறக்கும், சுருதி தெளியாது. மிருதங்கமோ சுருதி சேர்ந்து ஒலிக்கிறது. கிட்டக்கல் பொடியைச் சோற்றுடன் பிசைந்து, வலந்தலையின் நடுவே பூச்சின்மேல் பூச்சாக இட்டுத் தேய்த்த கரிய கரணையே அதற்குக் காரணம். அது தோலின் நடுவே பாரமேற்ற, சிதறிய மேற்சுரங்கள் 1, 2, 3, 4, 5 என்னும் முழுவெண் ஒழுங்கை நெருங்குகின்றன.

இதனை அறிவியலுலகுக்கு எடுத்துரைத்தவர் சர் சி. வி. இராமன். 1907இல் அரசாங்க நிதித்துறை அலுவலராகக் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்து, அலுவல் போக எஞ்சிய பொழுதில் ஆய்வு தொடங்கிய தமிழர் அவர். 1917இல் பேராசிரியரானார், 1920இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து நம் தோற்கருவிகளின் இவ்வியல்பை வெளியிட்டார். பின்னர் 1934இல், முழவின் முகத்தில் மணல் தூவி, அதிர்வின் வடிவங்களைக் கண்ணுக்கும் காட்டினார்.

ஆயின், அவர் கணக்கிடுமுன்பே கரணை இருந்தது. முதன்முதல் அதை இட்ட கைக்குரியவரின் பெயர் நமக்குக் கிட்டவில்லை. ‘அவருக்கு இருந்தது பழக்கமே, அறிவன்று’ என்பாரும் உளர். கணக்கறிவுக்குத் தனிப்பெருமை உண்டென்பதை நாமும் ஒப்புகிறோம்; ஒரு முழவில் கண்ட உண்மையை எல்லா முழவுக்கும் பொதுவாக்க வல்லது அது. எனினும், பூசுவதும் தட்டிக் கேட்பதும், பிழை கண்டு சுரண்டி மீண்டும் பூசுவதும் சோதனையன்றி வேறென்ன? ஆய்வுக்கூடத்தில் கருவி காட்டும் பிழையை இங்கே செவி காட்டுகிறது.

இவ்வினாவில் அறமும் அடங்கியுள்ளது. தோலைத் தொட்ட கையைத் தாழ்ந்ததென ஒதுக்கி, அத்தோலில் எழுந்த நாதத்தை மட்டும் உயர்ந்ததெனச் சபையில் வைத்துப் போற்றினோம். அறிவைக் கைக்குரியதென்றும் மூளைக்குரியதென்றும் பிரித்ததும், மனிதரை மேலோரென்றும் கீழோரென்றும் பிரித்ததும் ஒரே மனத்தின் செயல்களே. ஒன்றை விடாமல் மற்றொன்றை விடுதல் அரிது.

ஊர்விட்டு வந்த நாம் பிள்ளைகளுக்குக் கலையைக் கொடுக்க விழைகிறோம். இந்நேர்மையையும் சேர்த்துக் கொடுப்போம். மிருதங்கத்திற்கு மூட்டு மாற்ற எடுத்துச் செல்லும்போது பிள்ளையையும் உடனழைத்துச் செல்வோம். வார் பிடிக்கும் அக்கையருகே அமர்ந்து, அவன் கேட்கட்டும்; ஐயங்களை வினவட்டும். பௌதிக ஆசிரியருக்குச் செய்யும் வணக்கத்தை, புறப்படுமுன் அவருக்கும் செய்யட்டும்.