மூன்றாவது சீசன்

ஒரே நிறுவனத்தில் இளைஞராகச் சேர்ந்து நரை கண்டு ஓய்வுபெறுகிறவரை நாம் மதிக்கிறோம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வேலையும் ஊரும் மாறுகிறவரைப் பற்றிக் கேள்விப்பட்டால், எங்கேயும் ஒட்டாதவர், நம்பி எதையும் ஒப்படைக்க முடியாதவர் என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. தங்குவது விசுவாசம், கிளம்புவது பலவீனம் என்ற இந்தக் கணக்கை நாம் உரசிப் பார்ப்பதே இல்லை. உரசிப் பார்க்க பேலா குட்மானின் வாழ்க்கை நல்ல கல். ஹங்கேரியில் பிறந்து, அங்கே கால்பந்து ஆடி, பிறகு பயிற்சியாளராகி, ஆஸ்திரியா, நெதர்லாந்து, ருமேனியா, இத்தாலி, அர்ஜென்டினா, சைப்ரஸ், பிரேசில், போர்ச்சுகல், உருகுவே, சுவிட்சர்லாந்து, கிரீஸ் என்று சுற்றியவர் அவர். ஓர் அணியில் இரண்டு சீசன்களுக்கு மேல் இருந்ததே அபூர்வம். மூன்றாவது சீசன் பயிற்சியாளரைக் கொன்றுவிடும் என்பது அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட கருத்து. இப்படிப்பட்ட ஒருவரால் நிலையான எதையாவது கட்ட முடியுமா? முடிந்தது என்பதே என் வாதம். அவர் கட்டியது நின்றதற்கு ஒரு காரணம், தான் கிளம்பப்போகிறவர் என்று தெரிந்தே அவர் கட்டியது என்றும் நினைக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். அவருடைய அலைச்சல் முழுவதும் அவருடைய சுபாவத்திலிருந்து வந்ததல்ல. புடாபெஸ்டின் எம்.டி.கே. கிளப்புக்காக ஆடி 1920, 1921 ஆண்டுகளில் லீக் பட்டம் வென்றவர் குட்மான். அவர் யூதர். அதே ஆண்டுகளில் ஹங்கேரியில் யூத வெறுப்பு தெருவிலும் சட்டத்திலும் ஏறிக்கொண்டிருந்தது. பல்கலைக்கழகங்களில் யூத மாணவர் சேர்க்கைக்கு வரம்பு கட்டிய சட்டம் 1920இல் வந்தது. அவர் வியன்னாவின் யூதக் கிளப்பான ஹகோவாவுக்குப் போனார். அந்த அணி 1925இல் ஆஸ்திரியாவின் சாம்பியன் ஆனது. 1926இல் அணியோடு அமெரிக்கச் சுற்றுப்பயணம் போனவர் நியூயார்க்கிலேயே தங்கினார். 1929இன் பங்குச் சந்தைச் சரிவு அவருடைய சேமிப்பை விழுங்கியது. ஐரோப்பா திரும்பிப் பயிற்சியாளரானார். 1938இல் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்ததும் ஹகோவாவே இல்லாமல் போனது. புடாபெஸ்டில் உய்பெஸ்ட் அணியை 1939இல் லீக் பட்டத்துக்கும் மிட்ரோபா கோப்பைக்கும் அழைத்துச் சென்றார். அதன்பின் போர் முடியும்வரை அவருக்குப் பயிற்சியாளர் வேலையே இல்லை. ஒரு வீட்டின் பரணில் ஒளிந்து வாழ்ந்தார், கட்டாய உழைப்பு முகாமில் அடைபட்டார், 1944 டிசம்பரில் அங்கிருந்து தப்பினார். தந்தை உள்ளிட்ட நெருங்கிய உறவினர்கள் கொல்லப்பட்டார்கள். இத்தகைய ஒருவரிடம் போய் ஏன் ஓரிடத்தில் நிலைக்கவில்லை என்று கேட்பது கொடுமை. ஓரிடத்தில் தங்கும் வாய்ப்பு எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. கிடைத்தவர்கள் அதைத் தங்கள் நற்குணமாக எண்ணிக்கொள்கிறார்கள்.

குட்மான் தனி ஆள் அல்ல. ஒரு தொடரின் கண்ணி. அவர் ஆடிய எம்.டி.கே.யின் பாணியை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் ஜிம்மி ஹோகன் என்ற ஆங்கிலேயர். முதல் உலகப் போர் மூண்டபோது வியன்னாவில் எதிரி நாட்டவராக மாட்டிக்கொண்டு, பிறகு புடாபெஸ்டில் அடைக்கலம் பெற்றவர். தரையோடு பந்தைக் கடத்தும் ஆட்டத்தை அங்கே சொல்லிக்கொடுத்தார். அந்தப் பள்ளியிலிருந்து வந்தவர்கள், பலர் யூதர்கள், உலகெங்கும் சிதறினார்கள். டோரி குர்ஷ்னர் பிரேசிலின் ஃபிளமெங்கோவுக்குப் போனார். எர்னோ எர்ப்ஸ்டைன் இத்தாலியின் டொரினோவை வளர்த்து, 1949இல் சூப்பர்கா குன்றில் விமானம் மோதியபோது தன் அணியோடு மாண்டார். ஆர்பாத் வெய்ஸ் இன்டர் கிளப்போடு ஒரு பட்டமும் போலோன்யாவோடு இரண்டு பட்டங்களும் வென்றவர். இத்தாலியின் 1938ஆம் ஆண்டு இனச் சட்டங்களால் துரத்தப்பட்டு நெதர்லாந்துக்குப் போய், அங்கிருந்து பிடிக்கப்பட்டு, மனைவியும் இரு குழந்தைகளும் கொல்லப்பட்டபின் 1944 ஜனவரியில் ஆஷ்விட்ஸில் உயிரிழந்தார். 1953 நவம்பரில் வெம்பிளி அரங்கில் ஹங்கேரி இங்கிலாந்தை 6-3 என்று வீழ்த்தியபோது, ஹங்கேரியர்கள் நன்றியோடு நினைவுகூர்ந்த பெயர் ஹோகன். அவர் பிறந்த இங்கிலாந்துக்கு அவருடைய அறிவு அவ்வளவாகப் பயன்படவில்லை; அவர் கடந்துபோன ஹங்கேரியில் அது வேர்விட்டது. இருபதாம் நூற்றாண்டுக் கால்பந்தின் அறிவு பெரும்பாலும் இப்படி இடம்பெயர்ந்தவர்களின் தலையில்தான் பயணம் செய்தது. இதைச் சொல்லும்போது மிகைப்படுத்தாமலும் இருக்க வேண்டும். குட்மான் 1957இல் சாவோ பாவ்லோ அணிக்கு மாநிலப் பட்டம் வென்று தந்தார். அடுத்த ஆண்டு பிரேசில் உலகக் கோப்பை வென்றதற்கு அவர் கொண்டுபோன 4-2-4 அமைப்பே காரணம் என்பார்கள். அதே அமைப்பை நோக்கிப் பிரேசிலியர்களும் தங்கள் வழியில் வந்துகொண்டிருந்தார்கள். அவர் ஒரு கை கொடுத்தார் என்பதோடு நிறுத்துவதே நியாயம்.

அவருடைய கட்டுமானம் எவ்வளவு உறுதியானது என்பதற்கு நேரான சான்று லிஸ்பனில் இருக்கிறது. போர்ட்டோவுக்கு லீக் பட்டம் வாங்கித் தந்த கையோடு 1959இல் பென்ஃபிகாவுக்கு வந்தார். மூத்த ஆட்டக்காரர்கள் பலரை வெளியே அனுப்பி இளைஞர்களை மேலே ஏற்றினார். 1960, 1961 லீக் பட்டங்கள். 1961 மே மாதம் பெர்ன் நகரில் பார்சிலோனாவை 3-2 என்று வென்று ஐரோப்பியக் கோப்பை. 1962 மே மாதம் ஆம்ஸ்டர்டாமில் ரியல் மாட்ரிட்டை 5-3 என்று வென்று மறுபடியும் அதே கோப்பை. அந்த அணிக்கு மொசாம்பிக்கிலிருந்து வந்த ஆட்டக்காரர் யூசேபியோவைப் பற்றி அவருக்குச் சொன்னவர் பாவர் என்ற பிரேசிலிய ஆட்டக்காரர் என்கிறார்கள். ஊர் சுற்றுகிறவருக்கு ஊர் ஊராக ஆள் தெரிந்திருந்தது. பிறகு ஊதிய உயர்வு கேட்டார், மறுத்தார்கள், விலகினார். நூறு ஆண்டுகளுக்குப் பென்ஃபிகா ஐரோப்பியக் கோப்பையை வெல்லாது என்று சபித்துவிட்டுப் போனார் என்ற கதை இங்கேதான் பிறக்கிறது. அவர் அப்படிச் சொன்னாரா என்பதே ஐயத்துக்குரியது. ஆனாலும் 1963, 1965, 1968 இறுதிப் போட்டிகளில் பென்ஃபிகா தோற்றதை எண்ணி எண்ணிச் சாபம் பலித்தது என்கிறார்கள். நான் அந்த மூன்று ஆண்டுகளையும் வேறு விதமாகப் படிக்கிறேன். அவர் போன பிறகு சிலி நாட்டவரான ஃபெர்னாண்டோ ரியேரா, இன்றைய ருமேனியாவில் பிறந்த எலெக் ஷ்வார்ட்ஸ், பிரேசிலியரான ஓட்டோ குளோரியா என்று மூன்று வெவ்வேறு பயிற்சியாளர்கள், மூவரும் வெளியூர்க்காரர்கள், அந்த அணியை இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோனார்கள். எட்டு சீசன்களில் ஐந்து இறுதிப் போட்டிகள். குட்மானின் ஆட்டக்காரர்களான கொலூனாவும் ஜோசே ஆகுஸ்டோவும் ஐந்திலும் ஆடினார்கள். தலைவர் மாறியும் அணி தன் காலில் நின்றது என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? குளோரியா ஐம்பதுகளிலேயே அங்கே பணியாற்றி, கிளப்பைத் தொழில்முறைக்குப் பழக்கியிருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். குட்மானும் வேறொரு பயணி போட்ட அடித்தளத்தின் மேல்தான் நின்றார்.

இதற்கு வலுவான மறுப்பு உண்டு. அலெக்ஸ் ஃபெர்குசன் 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தார். முதல் கோப்பை 1990இல்தான், முதல் லீக் பட்டம் 1993இல்தான். குட்மானின் கணக்குப்படி மூன்றாம் சீசனில் கிளம்பியிருந்தால் அவர் பெயர் ஒரு வரிக் குறிப்பாக முடிந்திருக்கும். பிரான்சில் கி ரூ என்பவர் 1961இல் ஓசேர் என்ற சிற்றூர் அணியின் பொறுப்பை ஏற்று, 1980இல் முதல் பிரிவுக்கு உயர்த்தி, 1996இல் நாட்டின் சாம்பியன் ஆக்கினார். முப்பத்தைந்து ஆண்டு உழைப்பு அது. சில வேலைகள் நீண்ட காலத்தைக் கேட்கின்றன, அவற்றைப் பயணியால் செய்ய முடியாது. இதை நான் முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு கிளப்பை வளர்த்தெடுக்க ரூவைப் போன்றவர்தான் வேண்டும். ஆனால் ஃபெர்குசன் 2013இல் விலகிய பிறகு என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பத்தாண்டுகளுக்கு மேலாகியும் லீக் பட்டம் அந்தக் கிளப்புக்குத் திரும்பவில்லை. உரிமையாளர்களின் பங்கு அதில் பெரிது, அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. இருந்தாலும் இருபத்தாறு ஆண்டுகள் ஒருவர் ஒரு நாற்காலியில் இருக்கும்போது, முடிவெடுக்கும் திறமை மெல்ல மெல்ல அவருக்குள் மட்டுமே தங்கிவிடுகிறது. சுற்றியிருப்பவர்கள் அவர் இருப்பார் என்ற நம்பிக்கையில் பழகிவிடுகிறார்கள். சீக்கிரம் கிளம்பப்போகிறவருக்கு அந்த வசதி இல்லை. தனக்குத் தெரிந்ததை இருப்பவர்களின் காலிலும் பழக்கத்திலும் இறக்கிவைத்துவிட்டுத்தான் அவர் போக முடியும்.

இன்னொரு மறுப்பு குட்மானின் குணத்தைப் பற்றியது. அவர் கடினமானவர், பணத்தில் கறார், முதலாளிகளோடு மோதுபவர். 1948இல் புஷ்காஷ் ஆடிய கிஷ்பெஸ்ட் அணிக்குப் பயிற்சியாளராக இருந்தபோது, ஒரு தடுப்பாட்டக்காரரின் முரட்டு ஆட்டம் பிடிக்காமல் இடைவேளைக்குப் பின் மைதானத்துக்குள் இறங்காதே என்றார். புஷ்காஷ் அந்த ஆட்டக்காரரை இறங்கச் சொன்னார், அவர் இறங்கினார். குட்மான் மேலே போய் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தார், பிறகு அந்த அணிக்குத் திரும்பவே இல்லை. அப்படியானால் மூன்றாம் சீசன் என்ற விதியெல்லாம், யாரோடும் ஒத்துப்போகாத ஒருவர் தன் பிடிவாதத்துக்குச் சூட்டிக்கொண்ட பெயர்தானா? ஓரளவுக்கு ஆம். பென்ஃபிகாவில் அவருடைய மூன்றாம் சீசனே அந்த விதியை இரண்டாகப் பிளக்கிறது: ஐரோப்பியக் கோப்பை வந்தது, உள்நாட்டு லீக்கோ ஸ்போர்ட்டிங் கைக்குப் போனது. ஆனால் விதியின் உள்ளே ஓர் உண்மை இருக்கிறது. முதல் ஆண்டில் ஒருவருடைய சொல்லை ஆட்டக்காரர்கள் கூர்ந்து கேட்கிறார்கள், இரண்டாம் ஆண்டில் செய்துகாட்டுகிறார்கள், மூன்றாம் ஆண்டில் அந்தச் சொல் வாயிலிருந்து வருமுன்பே அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. அப்போது பேசுகிறவர் இரண்டில் ஒன்றைச் செய்ய வேண்டும்: தன்னைப் புதுப்பிக்க வேண்டும், அல்லது இடத்தை விட வேண்டும். ஃபெர்குசன் அணிகளை மாற்றி மாற்றிக் கட்டித் தன்னைப் புதுப்பித்தார். அது எல்லோருக்கும் வராது. வராதவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருப்பதை விசுவாசம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டையும் செய்யாமல், நீக்கப்படும்போது கிடைக்கும் இழப்பீட்டுக்காகவே அணி மாறுகிறவர்களும் இன்று உண்டு. அவர்களுக்காக நான் வாதாடவில்லை.

1965இல் குட்மான் பென்ஃபிகாவுக்குத் திரும்பினார். அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் முடிவு இது. 1966 மார்ச்சில் மான்செஸ்டர் யுனைடெட் லிஸ்பனுக்கே வந்து அந்த அணியை 5-1 என்று நொறுக்கியது, லீக்கும் கைநழுவியது. அவர் விட்டுச்சென்ற கிளப் நின்றுகொண்டுதான் இருந்தது, ஆனால் அவருக்கான இடம் அதில் மூடிவிட்டிருந்தது. கையளித்துவிட்டதைத் திரும்பக் கேட்க முடியாது என்பதை அவரே ஏற்கவில்லை.

விசுவாசத்தைப் பற்றிய பேச்சில் எப்போதும் ஒரு தரப்பு விடுபட்டுப்போகிறது. 1955 பிப்ரவரியில் ஏ.சி. மிலான் லீக் பட்டியலில் முதலிடத்தில் இருந்தபோது குட்மானை நீக்கியது. அந்த சீசனின் பட்டத்தை அவர் இல்லாமலே வென்றது. அதன்பின் அவர் தன் ஒப்பந்தங்களில் ஒரு நிபந்தனையைக் கேட்கத் தொடங்கினார்: அணி முதலிடத்தில் இருக்கும்போது என்னை நீக்கக் கூடாது. ஊர் ஊராகப் போகும் ஒருவர், இருக்கும் காலத்துக்காவது என்னைக் காப்பாற்றுங்கள் என்று எழுத்தில் கேட்கவேண்டியிருந்தது. 1962இல் இரண்டு ஐரோப்பியக் கோப்பைகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அதிக ஊதியம் கேட்டபோது, ஒப்பந்தத்தில் அப்படி இல்லை என்றார்கள் பென்ஃபிகா நிர்வாகிகள். ஒப்பந்தத்தைக் காட்டி மறுத்தவர்களின் சார்பில் நின்று, கிளம்பிப்போனவரைத்தான் அறுபது ஆண்டுகளாகச் சாபக்காரர் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.